கல்லுக்குக் கம்பி கட்டுதல்: முதலில் வாங்க வேண்டிய கம்பியும் குறடும்

ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழை பிடித்துக்கொண்டால் பாவு காய்வதில்லை; தறிகள் நின்றுவிடுகின்றன. விவசாயக் குடும்பங்களிலும் நடவுக்கும் அறுவடைக்கும் இடையே கைகள் ஓய்ந்திருக்கும் வாரங்கள் உண்டு. இத்தகைய நாட்களில் வீட்டிலிருந்தபடியே செய்யத்தக்க உபதொழில் ஒன்றைச் சொல்லுங்கள் என்று அங்கத்தினர்கள் கேட்பது புதிதன்று. அண்மையில் நமது சரகத்துச் சங்கங்களில் ஒன்றிரண்டிலிருந்து சகோதரிகள் தாங்களே ஒரு தொழிலைக் குறிப்பிட்டு, அதற்குக் கருவி வாங்கக் கடன் கேட்டு மனுச் செய்திருப்பதுதான் புதிது. கல்லுக்குக் கம்பி கட்டி நகை செய்யும் தொழிலே அது.

துளையிடாத ஒரு கல்லை எடுத்து, பற்றாசு வைத்து ஊதாமலும் பசை தடவாமலும், உலோகக் கம்பியை வளைத்தும் சுற்றியுமே அதைப் பிடித்து நிறுத்தி, மேலே ஒரு வளையம் விட்டுப் பதக்கமாக்குவது இத்தொழிலின் சாரம். நெருப்பும் அமிலமும் இதற்குப் பெரும்பாலும் தேவையில்லை. ஒரு பலகையும் நல்ல வெளிச்சமும் போதும். தறி மேடையின் ஓரத்தில் உட்கார்ந்தே செய்யலாம். இதை வேற்று நாட்டு வித்தை என்று எண்ணி மலைக்க வேண்டியதுமில்லை. பழநி அடிவாரத்திலும் இராமேசுவரத்திலும் உருத்திராக்கத்தையும் ஸ்படிகத்தையும் துளசி மணியையும் ஒவ்வொன்றாகக் கம்பியில் கோத்து, முனையை வளையமாக்கிச் சுற்றி, அடுத்த மணியோடு இணைத்து மாலையாக்குவதை அங்கத்தினர்கள் பார்த்திருப்பார்கள். நரிக்குறவர் சமூகத்தார் பலர் ஒரே ஒரு குறட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணால் பார்க்காமலே அந்த வளையத்தைப் போட்டுவிடுகிறார்கள். துளையுள்ள மணிக்கு அவர்கள் செய்வதையே துளையில்லாத கல்லுக்கு விரித்துச் செய்வதுதான் நாம் இங்கே பேசும் தொழில்.

கல்லைப் பொறுத்தவரை நமது வட்டாரத்துக்கு ஒரு பாக்கியம் உண்டு. காங்கேயம், கரூர்ப் பகுதிகளில் சந்திரகாந்தக் கல்லும் படிகக் கல்லும் கிடைப்பதும், அவற்றைப் பட்டை தீட்டுவோர் அங்கே இருப்பதும் பலர் அறிந்ததே. சென்னிமலைக்கு மேற்கே நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் பச்சைக்கல், படிகம், சூதுபவளம் முதலியவற்றின் மணிகளும், பாதி வேலையில் விடப்பட்ட மணிகளும், வெட்டிக் கழித்த சில்லுகளும் கிடைத்தன. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கே கல் தொழில் செழித்திருந்தது என்பதற்கு அச்சில்லுகளே சாட்சி. இன்று அவ்வட்டாரத்தின் தறிகளில் போர்வை நெய்யப்படுகிறது. கல்லோ பக்கத்திலேயே கிடக்கிறது.

நிற்க. நம்மிடம் அபிப்பிராயத்துக்கு வந்த மனு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு சிக்கன நாணயச் சங்கத்தைச் சேர்ந்த ஒன்பது சகோதரிகள், ஒருவருக்கொருவர் ஜாமீனாக நின்று, தங்கள் சேமிப்பையும் ஈடாகக் காட்டிக் கடன் கேட்டிருந்தனர். மனுவோடு இணைத்திருந்த பட்டியலில், கேட்ட தொகையில் பாதிக்கு மேல் 200 கிராம் வெள்ளிக் கம்பிக்கு. கால் பங்கு, பார்சலில் வரவழைக்கும் இருபத்திரண்டு உருப்படிகள் கொண்ட கருவிப் பெட்டிகளுக்கு. எஞ்சியது சந்திரகாந்தக் கல்லுக்கு. செம்புக் கம்பி என்ற சொல்லே பட்டியலில் இல்லை.

கடனை அனுமதிப்பதோ மறுப்பதோ நிர்வாகக் குழுவின் உரிமை. எனினும் சேமிப்புப் பணம் என்பது நூல் கூலியிலிருந்து வாரா வாரம் பிடித்து வைத்த பணம். அது தவறான கம்பியில் முடங்கினால், கல் நகைத் தொழில் கெடுவது ஒருபுறமிருக்க, அடுத்த முறை அவசரத்துக்குச் சங்கத்தின் படியேறவே அச்சகோதரிகள் தயங்குவார்கள். ஆகவே அப்பட்டியலைப் பார்த்து நாம் சொன்னவற்றைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறோம். மற்றச் சங்கத்தாருக்கும் இவை பயன்படக்கூடும்.

முதலில் கம்பியின் பருமனைப் பார்ப்போம். கடையில் கம்பியை நம்பர் சொல்லியே விற்பார்கள். இதைப் புரிந்துகொள்ள நெசவாளருக்கு ஒரு நிமிஷங்கூட ஆகாது. நாற்பதாம் நம்பர் நூலைவிட எண்பதாம் நம்பர் நூல் மெல்லியது அல்லவா? கம்பியும் அப்படியே, நம்பர் ஏற ஏறக் கம்பி மெலியும். (பட்டு நெய்வோர் டெனியர்க் கணக்கை மனத்தில் வைத்துக் குழம்ப வேண்டாம், அது இதற்கு நேர்மாறு.) ஆனால் ஒரு சங்கடம் உண்டு. பிரிட்டிஷ் நம்பர் என்றும் அமெரிக்க நம்பர் என்றும் இரு கணக்குகள் வழங்குகின்றன. நமது கடைகளில் பெரும்பாலும் பிரிட்டிஷ் கணக்கு. தொழில் கற்பிக்கும் புத்தகங்களிலும் படங்களிலும் பெரும்பாலும் அமெரிக்கக் கணக்கு. இருபதாம் நம்பர் என்றால் முன்னதில் 0.91 மில்லிமீட்டர், பின்னதில் 0.81 மில்லிமீட்டர். பதினெட்டாம் நம்பரில் வித்தியாசம் இன்னும் அதிகம்: 1.22, 1.02. பத்தில் ஒரு மில்லிமீட்டர் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கலாம். மூன்று கம்பிகளைச் சேர்த்து வைத்து வளைக்கும் போது பழகாத விரலுக்கு அது நன்றாகவே தெரியும். ஆகையால் நம்பரைக் கேட்காமல் மில்லிமீட்டரைக் கேட்டு வாங்குக. கடைக்காரரிடம் அளவுக்கருவி இருக்கும்; அளந்து காட்டச் சொல்லலாம்.

தொடக்கக்காரருக்கு இரண்டு பருமன்கள் போதும். கல்லைச் சுற்றிச் சட்டம்போல் நிற்பதற்கு 0.8 மில்லிமீட்டர். அச்சட்டக் கம்பிகளை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டுவதற்கு 0.4 மில்லிமீட்டர். நெசவில் பாவு தாங்க, ஊடை இறுக்குவதைப்போல் இங்கே பெரிய கம்பி தாங்க, சிறு கம்பி இறுக்குகிறது. ஊடையின் வேலையைப் பாவின் பருமனில் ஒரு கம்பிக்குக் கொடுத்தால் விரல் நோகும், சுற்று நெருங்கி உட்காராது. பாவின் வேலையை ஊடைக் கம்பிக்குக் கொடுத்தாலோ நகை அணிந்த சில நாட்களில் சட்டம் நெளிந்து கல் நழுவும். கைப் பழக்கம் வந்த பிறகு, உள்ளங்கையில் பாதி அளவுள்ள பெருங்கல்லுக்கு 1 மில்லிமீட்டரும், நுட்பமான பின்னலுக்கு 0.3 மில்லிமீட்டரும் வாங்கிக்கொள்ளலாம். சதுரக் கம்பி, அரைவட்டக் கம்பி என்று வேறு வடிவங்களும் உண்டு. அவை ஒன்றோடொன்று ஒட்டி அழகாக நிற்பது உண்மைதான். எனினும் சதுரக் கம்பி சற்றே முறுக்கிக்கொண்டாலும் குற்றம் பளிச்சென்று தெரியும். உருண்டைக் கம்பி அதை மன்னித்துவிடும். தொடக்கத்தில் மன்னிக்கும் கம்பியே நல்லது.

அடுத்தது எந்த உலோகம் என்பது. மனுவின் தலைவிதி இந்த இடத்தில்தான் இருந்தது.

30 மில்லிமீட்டர் நீளமும் 20 மில்லிமீட்டர் அகலமும் உள்ள முட்டை வடிவக் கல் ஒன்றின் சுற்றளவு ஏறக்குறைய 8 சென்டிமீட்டர். கம்பிகள் மேலே சேர்ந்து வளையமாக வேண்டும், பிடித்து இழுக்கவும் கொஞ்சம் நீளம் வேண்டும். எனவே கம்பி ஒன்றுக்கு 20 சென்டிமீட்டர் வெட்டுவது பத்திரம். மூன்று கம்பிச் சட்டத்துக்கு 60 சென்டிமீட்டர் ஆயிற்று. கட்டுக் கம்பி 1 மீட்டர் வைத்துக்கொள்வோம். ஸ்டெர்லிங் என்று சொல்லப்படும் 92.5 சதவீத வெள்ளியில் 0.8 மில்லிமீட்டர்க் கம்பி ஒரு மீட்டருக்கு 5.2 கிராம், 0.4 மில்லிமீட்டர்க் கம்பி 1.3 கிராம் எடை நிற்கும். ஆக ஒரு பதக்கத்துக்கு ஏறத்தாழ நாலரைக் கிராம் வெள்ளி. இக்கணக்கில் 200 கிராமில் நாற்பத்தைந்து பதக்கங்கள். ஒன்பது பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு ஐந்து.

ஒருவர் செய்யும் முதல் ஐந்து பதக்கங்கள் எப்படி இருக்கும் என்பதைத் தொழில் தெரிந்த எவரைக் கேட்டாலும் சொல்லுவார். தறியில் புதிதாக உட்கார்ந்தவருக்கு முதல் பாவிலேயே பட்டைக் கொடுப்பார் உண்டோ? ஆளுக்கு ஐந்து என்றால், கை படிவதற்கு முன்பே கம்பி தீர்ந்துவிடும். கெட்ட வெள்ளியை எடைக்குப் போட்டால், வாங்கிய விலை திரும்புவதில்லை. கழிவு போகத்தான் கையில் விழும். வட்டி மட்டும் முழுவதும் நிற்கும்.

செம்பில் இதே கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 0.8 மில்லிமீட்டர்ச் செம்புக் கம்பி மீட்டருக்கு நாலரைக் கிராம். 100 கிராம் வாங்கினால் 22 மீட்டர். முப்பத்தாறு சட்டங்களுக்குக் காணும். 0.4 மில்லிமீட்டர்க் கம்பி 50 கிராமில் 44 மீட்டர் இருக்கும். ஆக ஒருவருக்கு 150 கிராம் செம்பு, ஒன்பது பேருக்கும் சேர்த்து ஒன்றரைக் கிலோவுக்குள் அடங்கும். ஆளுக்கு முப்பத்தைந்து முறை செய்து, கெடுத்து, பிரித்து மறுபடி செய்து பார்க்கலாம். விலை என்ன என்று இங்கே எழுதினால் இதழ் கைக்கு வருமுன் மாறியிருக்கும். வெள்ளியின் கிராம் விலையையும் செம்பின் கிலோ விலையையும் விசாரித்து, அங்கத்தினர்களே ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார்களாக.

செம்பைச் சிபாரிசு செய்வதற்கு அதன் விலை மட்டும் காரணமன்று. அது மிருதுவானது, விரல் சொன்னபடி வளைந்து, வளைந்த இடத்திலேயே நிற்கும். இந்தக் குணத்தில் வெள்ளிக்கு அண்டை வீடு செம்புதான். செம்பில் பழகிய கை வெள்ளிக்கு மாறும்போது தடுமாறாது. பித்தளை மஞ்சளாகப் பொன்போல் மின்னுவது மனத்தை இழுக்கும். ஆனால் அது விறைப்பானது. வளைத்துவிட்டால் சிறிது பின்வாங்கும். தொடக்கக்காரர் அதனோடு மல்லுக்கட்டிக் குறட்டை அழுத்துவார், கம்பியில் தழும்பு விழும். அலுமினியம் இதற்கு மறுகோடி: மிக மிருது, மிக லேசு, கல்லை நெடுநாள் இறுகப் பிடிக்கும் வலிமை அதற்குக் குறைவு. கட்டடம் கட்டுவோர் பயன்படுத்தும் கட்டுக்கம்பி வீட்டில் கிடக்கிறதே என்று சிலர் எடுத்துப் பழகுகிறார்கள். அது இரும்பு, துருப்பிடிக்கும். அதைவிட, அதை வெட்டிய குறடு அப்புறம் செம்பை ஒழுங்காக வெட்டாது.

பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைகளில் கிடைக்கும் செம்புக் கம்பியைப் பற்றி விவசாய அங்கத்தினர்கள் கேட்டார்கள். நல்ல யோசனை. அது மிருதுவாகப் பதப்படுத்தப்பட்ட செம்பு; எடைக்குக் கிடைக்கும்; பருமன் சீராக இருக்கும். மேலே கண்ணாடிபோல் ஒரு பூச்சு உண்டு என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். பழகுவதற்கு அப்பூச்சு இடையூறு செய்யாது. கறுக்காமல் காப்பாற்றுவதால் கட்டுக் கம்பிக்கு அது ஒரு வசதியுங்கூட. ஆனால் குறடு அழுத்திய இடத்திலும் அரம் பட்ட இடத்திலும் பூச்சு உரிந்து இரண்டு நிறமாகத் தெரியும். எரிந்துபோன மோட்டாரிலிருந்து பிரித்த பழங்கம்பியைத் தீயில் காட்டிப் பூச்சை எடுக்க முயல வேண்டாம். அப்புகை நெஞ்சுக்கு ஆகாது. அக்கம்பியும் பல இடங்களில் மடங்கி நைந்திருக்கும்.

கம்பியின் பதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரே செம்பு, ஒரே பருமன், எனினும் ஒரு சுருள் மிருதுவாகவும் மற்றொன்று விறைப்பாகவும் இருக்கக் கூடும். அச்சின் துளை வழியே இழுக்க இழுக்க உலோகம் இறுகிக்கொண்டே வரும். நெருப்பில் காய்ச்சினால் இளகும். வாங்கும்போது ஒரு சாண் கம்பியை விரலின் மேல் வைத்து மடக்கிப் பாருங்கள். மடக்கிய இடத்திலேயே நின்றால் மிருது. வில்போல் எழுந்தால் விறைப்பு. தொடக்கக்காரர் மிருதுவானதையே கேட்டு வாங்க வேண்டும். அதுவும் வளைத்து நிமிர்த்தி வளைத்து நிமிர்த்திச் செய்யும்போது கையிலேயே இறுகிவிடும். பின்னர் ஒரே இடத்தில் முறியும். 0.8 மில்லிமீட்டர்ச் செம்பு அப்படி இறுகினால், வெளிச்சம் குறைந்த இடத்தில் அடுப்புச் சுடரில் பிடித்து, மங்கிய செந்நிறம் காட்டியவுடன் தண்ணீரில் போட்டால் மறுபடி இளகும். மேலே படியும் கருமையைப் புளி தேய்த்துப் போக்கலாம். செப்புக் குடத்துக்குச் செய்வதுதான். பூச்சுள்ள கம்பிக்கும் மெல்லிய கட்டுக் கம்பிக்கும் இதைச் செய்ய வேண்டாம். நூலும் பாவும் இருக்கும் அறையில் எக்காரணத்தாலும் கூடாது.

கம்பி உருளையைக் கையாளுவதில் நெசவாளர் ஒரு பழக்கத்தை மறக்க வேண்டியிருக்கிறது. தார்க்குச்சியிலிருந்து நூல் நுனி வழியாக உருவி வருகிறது. கம்பியை அப்படி நுனி வழியாக உருவினால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறுக்கு ஏறும். கம்பி சுருண்டு முடிச்சாகும். முடிச்சு விழுந்த கம்பியை நிமிர்த்தினாலும் அந்த இடம் பலவீனம். உருளையை உருள விட்டு, அது சுழலச் சுழலக் கம்பியை நேராக வாங்க வேண்டும். சற்றே கோணிய கம்பியை இரண்டு விரலிடையே பழந்துணியை மடித்துப் பிடித்து நாலைந்து முறை உருவினால் நிமிர்ந்துவிடும். இதற்கென்று நைலான் பல் வைத்த குறடு ஒன்று அந்த இருபத்திரண்டு உருப்படிகளில் இருந்தது.

கருவிகளுக்கு வருவோம். பெட்டியாக வாங்கினால் மலிவு என்பது பெட்டி விற்பவரின் வாதம். உருப்படி இருபத்திரண்டு என்றாலும் நாள்தோறும் கையிலெடுப்பவை மூன்றே: வட்டமூக்குக் குறடு, கூர்மூக்குக் குறடு, வெட்டுக் குறடு. அந்த மூன்றும் பெட்டிகளில் பெரும்பாலும் மட்டமாகவே வருகின்றன. மற்றவற்றில் பலவற்றுக்கு வீட்டிலேயே மாற்று உண்டு. வளையத்தை ஒரே அளவாகச் சுற்றத் தார்க்குச்சியோ பேனாவோ போதும். அளக்க டேப்பு இருக்கிறது. கம்பிகள் விலகாமலிருக்க ஒட்டுத்தாள் ஒரு சுற்று. முனையைத் தேய்க்கச் சிறு அரம் ஒன்றும் நயமான உப்புத்தாள் ஒன்றும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

வட்டமூக்குக் குறட்டின் இரு மூக்குகளும் கூம்புபோல் உருண்டு நுனியில் சிறுத்திருக்கும். வளையம் போடுவது இதன் வேலை. நுனியில் சுற்றினால் சிறு வளையம், அடியில் சுற்றினால் பெரு வளையம். ஒரே அளவு வளையம் வேண்டுமானால் மூக்கில் மையால் ஒரு கோடு போட்டு, எப்போதும் அக்கோட்டிலேயே சுற்ற வேண்டும். கூர்மூக்குக் குறட்டுக்கு வெளிப்புறம் உருண்டையாகவும் உட்புறம் தட்டையாகவும் இருக்கும். கம்பியைப் பிடிக்கவும், கட்டுக் கம்பியின் கடைசி முனையை அமுக்கி மறைக்கவும் இது வேண்டும். மின்சார வேலை செய்வோரின் நோஸ் பிளேயர் வடிவத்தில் இதைப்போலவே இருப்பதால், வீட்டில் உள்ளதே போதும் என்று தோன்றும். அதன் உட்புறத்தில் பல் வெட்டியிருக்கும். அந்தப் பல் செம்பில் பதிந்தால் பார்வைக்குக் கெடுதல். பதிந்த இடத்திலேயே பின்னர் முறிவும் வரும். பல் இல்லாத வழவழப்பான குறடாகக் கேளுங்கள். பொற்கொல்லர்களுக்குக் கருவி விற்கும் கடைகளில் கிடைக்கும்.

பணத்தைச் சற்றுத் தாராளமாகச் செலவிட வேண்டிய கருவி ஒன்று உண்டானால் அது வெட்டுக் குறடே. சாதாரண வெட்டுக் குறடு கம்பியை இரு புறமும் நசுக்கி வெட்டும். வெட்டிய இரு முனைகளும் உளிபோல் கூராக நிற்கும். இத்தொழிலுக்கு வேண்டியது ஒரு புறம் தட்டையாக அமைந்த வெட்டுக் குறடு. அதன் தட்டைப் பக்கம் பட்ட முனை ஏறக்குறைய சமமாக நிற்கும், குழிந்த பக்கத்து முனை கூராக இருக்கும். ஆகவே தட்டைப் பக்கம் நகையை நோக்கியும் குழிந்த பக்கம் கழிவை நோக்கியும் இருக்கும்படி பிடித்து வெட்ட வேண்டும். இந்த ஒரு வாக்கியம் படிந்துவிட்டால் பாதி அரவேலை மிச்சம். இக்குறட்டைச் செம்பு, வெள்ளி தவிர வேறெதற்கும் கொடுக்கக் கூடாது. தறி வேலைக்கோ வேலிக் கம்பிக்கோ ஒரு நாள் இரவல் போனால் வாயில் பள்ளம் விழுந்து திரும்பும். பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வைப்பது உத்தமம். வெட்டும்போது சிறு துண்டு தெறித்துக் கண்ணில் படக்கூடும். முனையை விரலால் மூடிக்கொண்டோ, துணிக்குள் வைத்தோ வெட்ட வேண்டும்.

எந்தக் குறட்டையும் கடையிலேயே இருவகையாகச் சோதிக்கலாம். மூடி வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தால் நுனியில் ஒளி கசியக் கூடாது. கைப்பிடிகளைப் பக்கவாட்டில் ஆட்டினால் மூட்டு ஆடக் கூடாது. கைப்பிடி தானே விரியும்படி வில் வைத்ததாக இருந்தால் நல்லது. நாள் முழுதும் திறந்து மூடும் கைக்கு அது எவ்வளவு உபகாரம் என்பது மாலையில் தெரியும். சிறிய கைக்குச் சிறிய குறடு. ஆடவர் ஒருவர் கடைக்குப் போய் ஒன்பது சகோதரிகளுக்கும் ஒரே அளவில் வாங்கி வருவதை நாம் ஆதரிக்கவில்லை.

கல்லைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். பட்டியலில் கேட்டிருந்த சந்திரகாந்தக் கல் அழகில் குறைந்ததன்று. ஆனால் அது தன் அமைப்பின் வழியே பிளக்கும் இயல்புடையது. பழகாத கை ஓரத்தில் அழுத்தினால் சில்லு பெயரும். படிகக் கல் அதைவிடக் கடினம், அப்படிப் பிளப்பதில்லை, விலையும் குறைவு. முதல் மாதங்களில் படிகத்திலேயே பழகுக. கண்ணாடிபோல் வழுக்கும் உருண்டைக் கல்லை விட்டு, ஓரம் சற்றுத் தடித்த தட்டைக் கல்லாகத் தெரிந்தெடுத்தால் கம்பி உட்கார ஓர் இடம் இருக்கும்.

வேலை முடிந்த பதக்கத்தைச் சோதிக்க நெசவாளர் இல்லத்தில் ஒப்பற்ற கருவி ஒன்று இருக்கிறது: பட்டுத்துணியின் வெட்டுத் துண்டு. பதக்கத்தின் முன்னும் பின்னும் அத்துண்டைத் தேய்த்துப் பாருங்கள். ஓர் இழை சிக்கினாலும் அந்தப் பதக்கம் விற்பனைக்கு லாயக்கில்லை. வாங்கியவர் அதை அணிவது சேலையின் மேல்தான் அல்லவா? சேலையின் இழையை இழுத்த நகையை அவர் மறுபடி கேட்க மாட்டார். இழை இழுபடுவதன் வருத்தம் நெசவாளருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சிக்கும் முனையைக் கூர்மூக்கால் உள்ளே அமுக்கி, உப்புத்தாளால் மெல்லத் தடவி, மீண்டும் சோதிக்க வேண்டும்.

இனி, சற்றுக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டிய ஒரு விஷயம். ஜெர்மன் சில்வர் என்ற பெயரில் விற்கும் கம்பியில் வெள்ளி அணுவளவும் கிடையாது. செம்பு, துத்தநாகம், நிக்கல் ஆகியவற்றின் கலவை அது. நிக்கல் பலருக்குத் தோலில் அரிப்பையும் கொப்புளத்தையும் உண்டாக்கும். காதில் குத்தும் கம்பிக்கு அது வேண்டவே வேண்டாம். வெள்ளிப் பூச்சு, பொற்பூச்சு என்று வரும் கம்பிகளை வெட்டிப் பார்த்தால் முனையில் செம்பு சிவப்பாகத் தெரியும். அரம் தொட்டாலும் நெருப்புக் கண்டாலும் பூச்சுப் போய்விடும். விற்பதாயிருந்தால் பூச்சு என்றே சொல்லி விற்க வேண்டும். நமது சரகத்துக்கு வெளியே ஓரிடத்தில் பூச்சுக் கம்பியில் செய்த பதக்கங்களை வெள்ளி என்று சொல்லி விற்று, வாங்கியவர்கள் இரண்டே மாதத்தில் திருப்பிக் கொண்டுவந்த செய்தி நமக்குத் தெரியும். செம்பையும் செம்பென்றே சொல்லலாம். வியர்வை பட்டால் தோலில் இலேசாகப் பச்சை படியக்கூடும், காற்றில் நாளடைவில் கறுக்கும், புளியால் துலக்கினால் மீண்டும் மின்னும் என்று ஒரு சீட்டில் அச்சிட்டுப் பொட்டலத்தோடு வைத்தால் வாங்குவோர் கோபிப்பதில்லை. செம்பு நிறத்தை விரும்பியே வாங்குவோரும் உண்டு. வெள்ளி வாங்கும் காலம் வரும்போது, தரத்தையும் எடையையும் எழுதிய பில் இல்லாமல் ஒரு கிராமும் வாங்கலாகாது. பில் இல்லாத கொள்முதலைத் தணிக்கையில் நாம் ஒப்புக்கொள்ளவும் முடியாது.

மனுச் செய்த சங்கத்தின் நிர்வாகக் குழு, கேட்ட தொகையை அப்படியே கொடுக்கவுமில்லை, மறுத்துவிடவுமில்லை. முதல் தவணையாக ஒன்றரைக் கிலோ செம்புக் கம்பிக்கும், ஆளுக்கு மூன்று குறடுகளுக்கும், சிறு அரத்துக்கும், கொஞ்சம் படிகக் கல்லுக்கும் மட்டும் அனுமதித்தது. முன்பு கேட்டதில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை. வெள்ளியில்லாமல் யார் வாங்குவார் என்று இரண்டு சகோதரிகள் குழுவின் முன்னிலையிலேயே வாதாடினார்கள். நியாயமான கேள்விதான். செம்புப் பதக்கத்துக்கு வெள்ளியின் விலை கிடைக்காது என்பதை எவரும் மறுக்கவில்லை. தவணையைக் கட்டுவதற்கு முதல் ஆறு மாதம் நெசவுக் கூலியையே நம்ப வேண்டியிருக்கும் என்பதும் அன்றே பேசி எழுதப்பட்டது.

நூலை எடை போட்டுக் கொடுத்துத் துணியை எடை போட்டு வாங்கும் வழக்கத்தையே இங்கும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். கம்பியைச் சங்கம் மொத்தமாக வாங்கி வைத்து, ஒவ்வொருவருக்கும் எடை போட்டுக் கொடுக்கிறது. முடிந்த பதக்கத்தின் எடையில் கல்லின் எடையைக் கழித்து எழுதுகிறார்கள். வெட்டிய துண்டுகளும் தனி டப்பாவில் எடைக்குத் திரும்ப வர வேண்டும். கொடுத்த கம்பியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் துண்டாகப் போகாத நிலையும், பட்டுத் துண்டில் இழை சிக்காத பதக்கம் தொடர்ந்து பத்தும் காட்டும் சகோதரிக்கே வெள்ளிக் கம்பி, அதுவும் முதலில் 25 கிராம் மட்டும், என்பது குழுவின் தீர்மானம். இரண்டாம் தவணைக்கான மனு மாசியில் வரும் என்று எதிர்பார்க்கிறோம். வரும்போது அந்த எடைப் புத்தகத்தையும் துண்டு டப்பாவையும் உடன் அனுப்பும்படி காரியதரிசிக்கு எழுதியிருக்கிறோம்.